உப்பும் சீனியும் சேர்ந்து வந்தால்

1

இந்தக் கதை புனிதமலர் கேட்டு எழுதுவது. அவள் வீட்டோடு இருந்து பராமரித்த இத்தாலிய மூதாட்டி, சின்யோராவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் நின்றோம். "ரீச்சர், ஒரு கதை எழுதுங்கோ. நான் உப்பும் சீனியும் கரைச்சுக் குடுத்து, அவ எழும்பினதெண்டு முடியுங்கோ" என்றாள். உண்மையில் அவள் கொடுக்கவில்லை.

எனக்கு அலுப்பாக இருந்தது. மன்னாரில் பதினொரு வருடம் உயிரியல் படிப்பித்தவள் நான். இப்போது இத்தாலியின் பலேர்மோவில், சீசா என்ற பகுதியில் நான்கு கட்டடங்களுக்குப் படி கழுவுகிறேன். கதை எழுத முழங்கால் தேவையில்லையே என்று எழுத ஒப்புக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: 'கலமென்சவ்வு ஓர் எல்லைக் காவலன். பத்திரம் இல்லாதவற்றை அது...'

வெட்டிவிட்டேன். பெர்மெசோவுக்கு, அதாவது வதிவிட அனுமதிக்கு, வரிசையில் நின்ற எவருக்கும் இந்த உவமை வரும்.

இரண்டாம் தொடக்கம்: 'ஆகஸ்ட். சின்யோராவுக்கு இரண்டு நாளாக வயிற்றோட்டம். குடிக்கிற தண்ணீர் உடம்பில் நிற்கவில்லை.' இது பரவாயில்லை.

(இடையில் கொஞ்சம் பாடம், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு உயிர்க்கலத்தையும் சுற்றி மெல்லிய கொழுப்புப் படலம் இருக்கிறது. அதுதான் கலமென்சவ்வு. உப்பு அதைத் தானாகக் கடக்காது. குடற்கலங்களில் ஒரு புரத வாசல் உண்டு. உப்பும் சீனியும் சேர்ந்து வந்தால் இரண்டையும் உள்ளே விடும். தண்ணீர் பின்னாலேயே போகும். வயிற்றோட்டத்திலும் அந்த வாசல் வேலை செய்யும்.)

3

புனிதமலர் என்ற பாத்திரத்தை வாசகர் நம்புவாரா? அகதி முகாமில் எத்தனையோ குழந்தைகளுக்கு ஒரு லீற்றர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு கரைத்துக் கொடுத்தவள், இங்கே ஏன் கொடுக்கவில்லை?

காரணம் சொல்கிறேன். சின்யோராவுக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் இருந்தன. சார்டீனியாத் தீவுக்கு விடுமுறையில் போயிருந்த மகன், தான் நாளை வருவதாகவும் அதுவரை தண்ணீர் மட்டும் கொடுக்கும்படியும் தொலைபேசியில் சொன்னார். உப்பு, சீனி இரண்டும் கூடவே கூடாதாம். ஆஸ்பத்திரிக்குப் போக சின்யோரா மறுத்துவிட்டார். ஆனாலும் புனிதமலர் கரைத்தாள். குவளையோடு கட்டில் வரை போனாள். பிறகு

(இந்த 'பிறகு' என்ற இடத்தில் நான்கு தடவை எழுந்து போய்ப் படுத்துவிட்டேன்.)

4

முடிவு ஒன்று: கொடுத்தாள். மாலையில் சின்யோரா எழுந்திருந்து காப்பி கேட்டார்.

முடிவு இரண்டு: கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் சின்யோரா இறந்துபோனார். கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது.

இரண்டிலும் ஒரு பத்தியை நான் மறைத்துவிட்டேன். குவளையோடு நின்றவள் எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"ரீச்சர், மகன் வேண்டாமெண்டுறார். நான் கரைச்சு வச்சிருக்கிறன். குடுக்கட்டோ?"

நான் மூன்றாம் மாடிப் படியில் இருந்தேன். இடுப்பு விட்டுப்போயிருந்தது, இன்னும் இரண்டு மாடி பாக்கி. விடை எனக்குத் தெரியும். பதினொரு வருடம் கரும்பலகையில் எழுதிய விடை.

"அவர் சொன்னபடி செய்யும், பிள்ளை. உமக்கேன் தேவையில்லாத வில்லங்கம்?"

சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அந்த அழைப்பைப் பற்றி அவள் இதுவரை ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. என்னிடம்கூட. இன்னும் ரீச்சர் என்றுதான் கூப்பிடுகிறாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முடிவு மூன்றை என்னால் எழுத முடியவில்லை. என் பதிலை அடித்துவிட்டு இடம் விட்டிருக்கிறேன். அவள் குவளையோடு, குடுக்கட்டோ என்று கேட்டுக்கொண்டு நிற்கிறாள், நீங்கள் சொல்லுங்கள்.