பதினேழாவது உடம்பு

“பதினேழைத் தூக்கிடும்மா. பதினாறு பேருக்குப் பொருந்துதுல்ல, போதாதா?” என்றார் துறைத் தலைவர், தேநீரை ஊதிக்கொண்டே.

ஆய்வாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதயத்துக்குள் குழாய் விட்டு எடுத்த மின்பதிவைக் கணினியில் கொடுத்து, அது மேல்தோலுக்கு வந்து சேரும்போது எங்கே எவ்வளவு தெரியும் என்று கணக்கிடுவது அவள் வேலை. நெஞ்சில் மின்முனைகளை ஒட்டி எடுத்த நிஜப் பதிவோடு கணக்கு ஒத்துப்போக வேண்டும். பதினேழாவது நோயாளிக்கு மட்டும் கணக்கு நெஞ்சில் பெரிய அலையைக் காட்டியது. நிஜத்தில் அங்கே ஒன்றுமே இல்லை.

அந்தப் பதினேழு ஒரு தையல்காரம்மா. நெஞ்சுப் பதிவு சுத்தமாக இருக்கிறது, எல்லாம் மனசுதான் என்று மூன்று வருடம் திருப்பி அனுப்பப்பட்டவள். கடையிலேயே மயங்கி விழுந்த பிறகுதான் குழாய் விட்டுப் பார்த்தார்கள். கோளாறு குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது. அடுத்த வாரம் சிகிச்சை. இப்போது ஆய்வுக் கட்டுரையிலிருந்தும் அவளைத் துரத்துவதா?

மறுபரிசோதனைக்கு வந்த தையல்காரம்மா, கணக்குக்காகத் திரையில் வரைந்து வைத்திருந்த உடம்பை எட்டிப் பார்த்தாள். “இது யாரு உடம்பு?”

“எல்லாருக்கும் பொதுவா வெச்சிருக்கோம்க்கா.”

“பொதுவாவா? ஆம்பளை உடம்பைச் சுருக்கி வெச்சிருக்கீங்க. நான் இப்படித் தைச்சுக் கொடுத்தா துணியை என் மூஞ்சிலயே எறிவாங்க.”

ஆய்வாளர் நோயாளிகள் பட்டியலை எடுத்துப் புரட்டினாள். கணக்குப் பொருந்திய பதினாறு பேரும் ஆண்கள். ஆறு வருடமாக இதே உடம்பை வைத்துத்தான் கணக்குப் போடுகிறாள். தானும் ஒரு பெண் என்பது ஒரு நாளும் உறைக்கவில்லை. வெட்கமாக இருந்தது. தையல்காரம்மாவின் ஸ்கேன் படங்களிலிருந்து அவளுக்கென்றே ஓர் உடம்பை வரைந்தாள். நான்கு நாள் பிடித்தது. இந்த முறை கணக்கில் நெஞ்சு அமைதியாக இருந்தது. அலை முதுகில் எழுந்தது, இடது தோள்பட்டைக்குக் கீழே. அங்கே யாரும் ஒட்டிப் பார்த்ததே இல்லை.

“கட்டுரைக்கு நாளைக்குத்தான் கடைசி நாள். பதினேழு இருந்தா உன் பேரு இருக்காது,” என்றார் தலைவர்.

“பதினேழு இல்லாத கட்டுரையில என் பேரு எதுக்கு சார்? வாங்க, பார்த்துட்டுத் தூக்குங்க.”

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் தையல்காரம்மா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ஆய்வாளர் முதுகில் விரல் வைத்து அளந்து ஒட்டினாள்.

“முதுகுலதான் என்னமோ பண்ணுதுன்னு மூணு வருஷமா கத்துறேன். யாரு கேட்டா?”

“அசையாதீங்கக்கா. இப்ப கேட்டுத்தான் ஆகணும்.”

இந்தப் பக்கம் பதிவுத்தாள் நகர ஆரம்பித்தது. தலைவர் நெற்றியில் கிடந்த கண்ணாடியை இறக்கிக்கொண்டு குனிந்தார். முள் ஒரு நொடி தயங்கி, மேலே ஏறியது.