நீலக் காலர்

அந்த நகரத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் தொழிற்பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கினால், அன்று மாலையே சீருடை உடம்போடு ஒட்டிக்கொண்டுவிடும். பொத்தான் கழலும், துணி கழலாது. கத்தரித்தால் ரத்தம் வரும். முதல் வருடம் மருத்துவர்கள் களிம்பு எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் ஆளோடு சேர்த்துத் துவைத்துத் தருகிற சலவைக் கடைகள் வந்தன. அதற்கும் அடுத்த வருடம் அந்தக் கடைகள் கட்டணத்தை ஏற்றியதுதான் ஊர்ப் பேச்சு. சமையற்காரர்கள் வெள்ளையில் தூங்கினார்கள். கிடங்கு ஆட்கள் மஞ்சளில் கல்யாணம் செய்துகொண்டு, படத்தில் மாப்பிள்ளை யார், தோழன் யார் என்று தெரியாமல் விழித்தார்கள்.

யார் எந்தப் பயிற்சிக்குப் போவது என்று வழிகாட்டி மையத்தின் ஜன்னலோர மேசைக்காரி சொல்வாள். நல்லவள்தான். வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பாள். பழைய படிப்பு இங்கே செல்லுபடியாக எத்தனை தேர்வு, எத்தனை வருடம் என்று ஒளிக்காமல் சொல்வாள். கேட்டவர் முகம் தொங்கியதும், "இப்போதைக்கு இதுல சேந்துடுங்க, அப்புறம் மாத்திக்கலாம்" என்பாள். மாற்றிக்கொண்டேன் என்று ஒருவரும் திரும்பி வந்து சொன்னதில்லை. அவளே ஒரு காலத்தில் நிலம் அளந்தவள். அதே மேசைக்கு எதிரே உட்கார்ந்து அதே பேச்சைக் கேட்டு, மையத்தின் சாம்பல் நிறக் கோட்டுக்குள் போனவள். கோட்டைப் பற்றி அவள் யோசிப்பதில்லை. குளிருக்கு இதமாகத்தான் இருந்தது.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்! அவளுடைய நாத்தனார் கணவனோடு வந்து இறங்கினாள். ஊரில் பல் டாக்டர். வந்த அன்றே அண்ணியின் வாயைத் திறக்கச் சொல்லி, கடைவாய்ப் பல்லைப் பார்த்துத் திட்டினாள். இங்கே அடுத்தவர் பல்லைத் தொட ஆறு வருடம் படிக்க வேண்டும். மருத்துவமனைத் துப்புரவுப் பயிற்சி என்றால் இரண்டே மாதம். கணவன் அதற்குள் மஞ்சளுக்குப் போயாயிற்று. அவளுக்கோ மசக்கை.

"படிச்சுடறேன் அண்ணி. நீங்க கொஞ்ச நாள் தாங்கிக்கிட்டா போதும்."

"இருக்கிறத விட்டுட்டுப் பறக்கிறதுக்கு ஆசைப்படலாமா? இப்போதைக்குச் சேரு."

"ஒட்டிக்குமே!"

"உனக்கு ஒட்டாதும்மா. மனசு உறுதியா இருக்கிறவங்களுக்கு ஒட்டாது."

அப்படி ஒருவரையும் அவள் கண்டதில்லை. வீட்டில் ஓர் அறை காலியாகக் கிடந்தது. அதைக் கொடுக்கிறேன் என்ற சொல் தொண்டை வரை வந்து திரும்பிப் போய்விட்டது. ஆறு வருடம் யார் பார்ப்பது என்ற பயம். அந்தப் பயத்துக்காக அவள் பிறகு தன்னைத்தானே வெறுத்தாள்.

சான்றிதழ் வாங்கிய மாலை, நாத்தனார் குளியலறைக்குள் நீலச் சட்டையோடு மல்லுக்கட்டுகிற சத்தம் கதவுக்கு வெளியே கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து அவள் யார் வாயையும் திறக்கச் சொல்லவில்லை. சிரித்தவர்களின் பல்லைக்கூடப் பார்க்காமல் தரையைப் பார்த்தே நடந்தாள். மாதங்கள் போயின. நீலம் வயிற்றோடு சேர்ந்து தானாகவே அகலமாகிக் கொடுத்தது.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. கழுத்தில் விரலளவு நீலக் காலர் இருந்தது. அதை எடை சொல்கிற குரலில் சொன்னாள் செவிலி. "இப்பல்லாம் இப்படித்தான் பொறக்குது. புள்ளையோட சேந்து வளரும், பயப்படாதீங்க." பிறப்புச் சான்றிதழில் நிறம் எழுத ஒரு கட்டம் முன்பே அச்சாகியிருந்தது.

மன்னித்துவிடு என்று சொல்லத்தான் அண்ணி கட்டிலருகே போனாள். நாத்தனார் அதற்கு இடமே கொடுக்கவில்லை. காலர் மடிப்பில் பால் தேங்காதபடி விரலால் நீவிவிட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணி, இவ நிறத்துக்கு நீலம் எடுப்பாத்தான் இருக்கு, இல்ல?"

எடுப்பாகத்தான் இருந்தது.