நாகலூரின் பச்சைக் கட்டம்

நாடு முழுக்க வரைந்துகொண்டிருக்கிற வரைபடத்தில் சேர்வராயன் மலை என் பங்கு. மேலே கொட்டுகிற அழுக்கு எந்த இடத்தில் எவ்வளவு சுலபமாக நிலத்தடி நீருக்குப் போய்ச் சேரும் என்று கட்டம் கட்டமாக நிறம் தீட்ட வேண்டும். சிவப்பு என்றால் சட்டென்று இறங்கிவிடும், பச்சை என்றால் பயமில்லை. இதே மலையில் பாக்சைட் எங்கே கிடக்கிறது என்று கேட்டு ஆபீசுக்கு வாரம் நாலு பேர் வருவார்கள். தண்ணீர்ப் படத்தைக் கேட்டு ஒரு ஆள் வந்ததில்லை. அதனால், நாகலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட் அதை எடுத்துப் பார்த்து, நம்பி வேலையும் தொடங்கிவிட்டது என்று கேள்விப்பட்டபோது எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

அங்கே சுற்றிலும் சிவப்பு, நடுவில் ஒரே ஒரு பச்சைக் கட்டம். அந்தப் பச்சை என் கண்டுபிடிப்பு. அக்கம்பக்கத்துக் கிணறுகளில் எல்லாம் உரத்திலிருந்து இறங்கிய நைட்ரேட் அளவுக்கு மேல் இருக்க, கண்ணாயி அக்காவின் கிணற்றில் மட்டும் இல்லவே இல்லை என்று லேப் சொன்னது. ஏன் என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில், அந்தச் சரிவுக்கு அடியில் கெட்டியான களிமண் அடுக்கு ஒன்று இருக்க வேண்டும், அதுதான் அழுக்கைத் தடுக்கிறது என்று நாலு பக்கம் எழுதித் தள்ளினேன். அடுக்கை நான் கண்ணால் பார்க்கவில்லை. என் மேலதிகாரி பென்னி சார் ஓரத்தில் 'பிரமாதம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பச்சையை நம்பித்தான் எஸ்டேட்காரர்கள் கிணற்றுக்கு நேர் மேலே, காப்பிப் பழம் உரித்த கழிவுநீரைத் தேக்க ஒரு குழி வெட்டினார்கள். திங்கட்கிழமை கழிவைத் திறந்துவிடப் போகிறார்கள் என்று தெரிந்ததும், என் களிமண்ணைப் பார்க்கிற ஆசையில் வெள்ளிக்கிழமை கிளம்பிப் போனேன். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஆரோக்கியதாஸ் குழிக்குக் கூட்டிப்போனார்.

பத்தடி ஆழம். இறங்கிப் பார்த்தேன். களிமண் என்று ஒரு பிடி கிடையாது. மேலிருந்து அடிவரைக்கும் உதிரிச் சரளை, விரலை வைத்தால் கொட்டியது. ஒரு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கி ஊற்றினேன். வாளியைக் கீழே வைப்பதற்குள் காணாமல் போய்விட்டது.

"நல்லா இஞ்சிருச்சுங்களே சார்," என்றார் ஆரோக்கியதாஸ் சந்தோஷமாக. "குழி சீக்கிரத்துல நெரம்பாதுங்க."

சரிவில் நூறடி கீழே கிணறு. நேராக அங்கே நடந்தேன். கண்ணாயி அக்கா வாசலில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கக்கா, போன வருசம் நான் பாட்டில் குடுத்தனே, அதுல ஊத்துனது இந்தக் கெணத்துத் தண்ணிதானுங்களே?"

அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அதெப்படிங்க சார்? மொத மொத ஊட்டுக்கு வந்தவங்க, தண்ணின்னு கேட்டு பாட்டில நீட்டுறீங்க. கெணத்துத் தண்ணியவா ஊத்துவாங்க? சாமிக்கும் ஊட்டுக்கு வர்ற ஒரம்பரைக்கும்னு மேல சொனையில மொண்டாந்து தனியா வெச்சிருப்பமுங்க. அதத்தானுங்க ஊத்துனேன். நொம்ப நல்ல தண்ணிங்க அது."

"அப்ப நீங்க குடிக்கறது?"

"நாங்க கெணத்துத் தண்ணிதானுங்க. தெனமும் மலையேறி மொண்டாற முடியுங்களா?"

அக்காவிடம் கோபப்பட ஒன்றுமில்லை. விதிப்படி நானே கயிறு போட்டு இறைத்து நிரப்பியிருக்க வேண்டும். போன வருடம் அன்று, அட்டை கடித்த கால் கடுகடுத்தது. கட்டிலில் உட்கார்ந்து அக்கா கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே போய் நிரப்பிக்கொண்டு வந்தார், நான் வாங்கி மூடியைப் போட்டேன். படிவத்தில் 'நீர் எடுத்தவர்' என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். இல்லாத களிமண்ணை எழுதியது என் முட்டாள்தனம். பெயரை எழுதியது சுத்தப் பொய்.

இந்தத் தடவை நானே இறைத்தேன். நைட்ரேட் சோதனைத் தாளை முக்கினதும் அடர்ந்த ரோஸ் நிறம் ஏறியது. சுற்றுக் கிணறுகளை விட மோசம். குழிக்கழிவும் வந்து சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அப்போது அக்காவின் மருமகள் கலா, மூன்று மாதக் குழந்தைக்குப் பால்மாவு கரைக்க அதே தண்ணீரைச் சொம்பில் எடுத்துக்கொண்டு போனாள்.

"அதக் குடுக்காதீங்கம்மா!" என்று கத்திவிட்டேன்.

"காய்ச்சித்தானுங்க குடுக்கறோம்," என்றாள் பயந்துபோய்.

காய்ச்சினால் நைட்ரேட் போகாது, கைக்குழந்தைக்கு அது ஆகவே ஆகாது, சுனைத் தண்ணீரையே கொடுங்கள் என்று சொன்னேன். வழிப்போக்கனான எனக்குச் சுனைத் தண்ணீர் வைத்திருந்த வீட்டில், பேரக்குழந்தை குடித்தது இதை.

அங்கே நின்றபடியே பென்னி சாருக்குப் போன் போட்டு, அந்தக் கட்டம் சிவப்பு என்றேன். அவர் கெட்டவர் இல்லை. "இன்னைக்கே எழுத்துல குடு, குழிய நிறுத்திடலாம்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா காரணம்னு என்ன எழுதுவே? புரமோஷன் லிஸ்ட்ல உன் பேர் இருக்கு, ஜீவானந்தம். லேப்ல பாட்டில் மாறிப்போச்சுன்னு எழுது. லேப்ல இருக்கற பானு புதுப் பொண்ணு, ஒரு வார்னிங்கோட போயிடும்."

உடனே மாட்டேன் என்று சொன்னதாக எழுத ஆசைதான். சொல்லவில்லை. வெறும் வார்னிங்தானே என்று கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன்.

மலையில் போன் பேச்சு பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கும். அக்கா கிட்டே வந்தார்.

"ஏனுங்க, என்னால உங்க வேலைக்குக் கெடுதலுங்களா? நாந்தான் தண்ணிய மாத்தி ஊத்தி உங்கள ஏமாத்திட்டேன்னு எழுதிக்குங்க. எனக்கென்ன, வேலையா போயிரும்? அந்தக் குழிய மட்டும் மூடச் சொல்லிருங்க சாமி."

வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது. போனை மறுபடி காதில் வைத்தேன்.

"சார், லேப்ல எதுவும் மாறல. யாரும் என்னை ஏமாத்தவும் இல்ல. அந்தத் தண்ணிய நான் இறைக்கவே இல்ல சார், உக்காந்து காப்பி குடிச்சிட்டிருந்தேன். அப்படியேதான் எழுதப்போறேன்."