தானாக நின்ற கார்

என் வீட்டுக்காரர் பெரிய மெக்கானிக். வாய் அதைவிடப் பெரிது. அந்த வாய்தான் இன்று வக்கீலம்மா அறையில் அவரையே மாட்டிவிட்டது.

"மேடம், என் கார்ல யாருக்கும் தெரியாம ஒரு சுவிட்ச் வச்சிருக்கேன். அதைப் போடாம எடுத்தா பெட்ரோல் ஏறாது, தெருமுனையில தானா நின்னுடும். நானே மாட்டினது!" என்று மார்தட்டினார்.

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இதைப் போலீஸ்லயும் சொன்னீங்களா?"

"சொல்லாம? வாக்குமூலத்துல எழுதிக் கையெழுத்தே போட்டாச்சு."

"போச்சு போங்க! கார் எங்கேயும் போகாதுன்னு தெரிஞ்சும், நிதானமா நடந்துபோய் வீல் ஸ்பேனரால திருடினவன் மண்டையில அடிச்சிருக்கீங்க. ஆள் செத்துட்டான். ஒரு காருக்காக உயிரை எடுக்கச் சட்டம் விடாது. உங்க உயிருக்கு ஆபத்து இருந்திருந்தாதான் தற்காப்புன்னு நான் வாயைத் திறக்க முடியும்."

"பின்ன, திருட்டுப் பயலுக்கு மாலை போட்டு அனுப்பணுமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜாமீனில் வந்ததிலிருந்து தெருவே இவரைச் சூரன், வீரன் என்று ஏற்றிவிட்டுக்கொண்டிருக்கிறது. நாளைக்கு ஜெயிலில் களி தின்னப்போவது தெருவா, இவரா? பக்கத்து வீட்டுக்காரன் கைகொடுத்தால் இவருக்குத் தலைகால் புரிவதில்லை.

வக்கீலம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்க மாடியிலிருந்து பார்த்தீங்களாமே. அவன் கையில ஏதாவது இருந்துச்சாம்மா?"

இவர் முந்திக்கொண்டார். "கத்தி இருந்துச்சு. சொல்லுடி!"

"அவங்களைக் கேட்டேன்" என்றார் வக்கீலம்மா.

நான் இவர் பக்கமே திரும்பவில்லை.

"கத்தியும் இல்ல, கித்தியும் இல்ல மேடம். கார் நின்னதும் இறங்கி, ரெண்டு கையையும் மேல தூக்கிட்டான். 'அண்ணே, விட்டுடுங்கண்ணே'ன்னு கெஞ்சினான்."

"அடிப்பாவி! நீயெல்லாம் ஒரு பொண்டாட்டியா? என்னை உள்ள தள்ளத்தான் வந்தியா?"

"பொண்டாட்டிதான். ஜெயில் வாசல்ல வாரா வாரம் வந்து நிப்பேன். கோர்ட்டுல பொய் சொல்ல மட்டும் வரமாட்டேன்."

"அவன் திருடன்டி!"

"இருக்கட்டும். 'வேணாங்க, அடிக்காதீங்க'ன்னு நான் மாடியிலிருந்து தொண்டை கிழியக் கத்தினேன். உங்களுக்குக் கேட்டுச்சு. திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தீங்க. அதுக்கப்புறம்தானே அடிச்சீங்க?"