கயிறு கெடுத்த படம்

தமிழ்வாணி மூன்றாம் நாளாகப் படங்களைக் கழித்துக்கொண்டிருந்தாள். கட்டடங்களைப் படமெடுப்பது அவள் தொழில். பத்து வருட வேலை ஹார்ட் டிஸ்க்குகளில் கிடந்தது. ஒரே முகப்பு, நாற்பது படம். கோணத்துக்கு ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழிப்பது என்று விதி வைத்திருந்தாள். ஆள் விழுந்த படம், நாய் விழுந்த படம், ஒயர் விழுந்த படம், எதற்கும் இரக்கம் காட்டவில்லை.

கோச்சடை வீட்டின் மாடியறை. பக்கத்து மேசையில் கணவன் சூர்யபிரகாஷ். நேற்று அவள் காலி செய்த டிஸ்க்கில் இந்த வருடப் படங்களை ஏற்றிக்கொண்டிருந்தான்.

"கல்யாணப் படத்துல இருந்து என்னையும் கழிச்சிட்டியா?"

"நீ கொஞ்சம் கோணலாத்தான் நிக்கிற. பாக்கணும்."

போன் அடித்தது. தமிழ்மாறன். கட்டட இன்ஜினியர். அவன் கட்டிய வீடுகளை அவள் படமெடுத்திருக்கிறாள்.

"வாணிக்கா, மேலக்கால் ரோட்டுல முத்துப்பாண்டி அண்ணன் மண்டபம். திறப்பு விழாவுக்கு நீங்கதானே படம் எடுத்தீக?"

"ஆமா. மூணு வருசம் இருக்கும்."

"அந்தப் படம் இங்க ஆபீஸ்ல மாட்டியிருக்கு. முன்பக்க இடது தூணு படத்துல கம்பு மாதிரி நிக்குது. இப்ப நான் தூக்குக்குண்டு விட்டுப் பாத்தேன். உச்சிக்கும் அடிக்கும் மூணு விரக்கடை சாய்வு. மேல பீம்ல விரிசல். காலையில மைக்செட்காரன் ஒயர் கட்டப் போய்ப் பாத்துச் சொல்லியிருக்கான்."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கட்டுனப்பவே சாய்வுதான்னு அண்ணன் சொல்றார்" என்றான் தமிழ்மாறன். "அப்படின்னா பயமில்ல. முட்டுக் கொடுத்துட்டு விசேஷத்தை நடத்தலாம். ஆனா உங்க படத்துல நேரா இருக்கு. நேரா இருந்தது சாஞ்சிருக்குன்னா கீழ மண்ணு இறங்குது. இது வயலை மேடாக்கிக் கட்டுனது. ஒருத்தரும் உள்ள இருக்கக் கூடாது."

"என் படத்தை நம்பாத, மாறா."

"ஏன்க்கா?"

"நான் நேராக்கியிருப்பேன்."

"தூணையா?"

"எல்லாத்தையும். அண்ணாந்து எடுத்தா கட்டடம் உள்ள சாஞ்ச மாதிரி விழும். கம்ப்யூட்டர்ல வச்சு நிமித்துவோம். நிமித்தாம யாருக்கும் கொடுக்கிறதில்ல."

மறுமுனையில் நாதஸ்வரம் கேட்டது. நாற்காலிகளை இழுக்கும் சத்தம்.

"அங்க என்ன விசேஷம்?"

"காதுகுத்து. அண்ணனோட தங்கச்சி முத்துமீனா மகளுக்கு. ஐந்நூறு பேரு. பாதிப் பேரு மேல ஹாலுக்கு ஏறிட்டாக."

"சந்தேகம்னா இறக்கிவிட வேண்டியதுதானே?"

"சொன்னேன்க்கா. என்னை ரூம்ல உக்கார வச்சு மோர் கொடுத்துட்டாக."

போன் கை மாறியது. முத்துப்பாண்டியின் குரல் இரைந்தது. "தாயி, நல்லா இருக்கியா? இந்த இன்ஜினியர் தம்பி காலங்காத்தால கலவரத்தக் கூட்டுது. கொத்தனார் பேயாண்டி குடிச்சுட்டு நிறுத்துன தூணு அது. அன்னைக்கே கோணல். நீதான் படத்துல நிமித்திட்ட. அதைச் சொல்லிரு, முடிஞ்சுபோச்சு."

"நிமித்துனேன்தாண்ணே. எம்புட்டு நிமித்துனேன்னுதான் தெரியல."

"நான் தாய்மாமன். என் மடியில வச்சுத்தான் பிள்ளைக்குக் காது குத்தணும். சீருத் தட்டு ட்ராக்டர்ல வந்துட்டு இருக்கு. சந்தேகம்னு சொல்லிச் சம்பந்தக்காரவுகளை ரோட்டுல நிறுத்தச் சொல்றியா? நிரூபிச்சுக் காட்டு. நானே பூட்டுறேன்."

கேமராவிலிருந்து வந்தபடியே இருந்த மூலப் படத்தை அவள் திறந்தாள். மண்டபத்துக்கு ஒன்றே ஒன்றுதான் வைத்திருந்தாள். இரண்டு தூண்களும் உச்சியில் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்திருந்தன. அதில் எவ்வளவு கேமராவின் சாய்வு, எவ்வளவு தூணின் சாய்வு? சரியாக நடுவில் நின்றும் எடுக்கவில்லை. அளக்க எதுவும் இல்லை. கட்டடத்தைச் சேராத, தானாக நேராக நிற்கிற ஏதாவது ஒன்று படத்தில் வேண்டும். மின்கம்பம்கூட விழாதபடிதான் அவள் எடுத்திருந்தாள்.

கண்ணை மூடினாள். அன்று காலை எவையெல்லாம் படத்தைக் கெடுத்தன? ஆட்டுக்குட்டி. ஒரு டிவிஎஸ் வண்டி. பிறகு கயிறு.

மொட்டைமாடிச் சுவரில் கடைசிப் பூச்சுப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். மேலிருந்து ஒரு கயிறு இடது தூணை ஒட்டித் தொங்கியது. நுனியில் பெயிண்ட் வாளி. அதை எடுக்கச் சொல்லிக் கத்திவிட்டுக் காத்திருந்தாள். அதற்குள் இரண்டு மூன்று படங்கள் கயிற்றோடு விழுந்துவிட்டன.

வாளி தொங்கும் கயிறு. அதைவிடத் தூக்குக்குண்டு வேறு என்ன வேண்டும்?

நேற்று அழித்திருந்தாள். குப்பைத் தொட்டியையும் காலி செய்திருந்தாள். எந்த டிஸ்க்?

அவள் திரும்பினாள். சூர்யபிரகாஷின் திரையில் பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டிருந்தது.

"நிறுத்து!"

"என்ன?"

"ஏத்துறதை நிறுத்து. ஒயரைப் பிடுங்காத. நிறுத்த மட்டும் செய்."

அவன் நிறுத்தினான். அழித்த படம் உடனே போய்விடுவதில்லை. அதன் இடத்தில் புதிது ஏறும்வரை அங்கேயே கிடக்கும். பாதி டிஸ்க் ஏறியிருந்தது.

மீட்டெடுக்கும் மென்பொருளை ஓடவிட்டாள். படங்கள் பெயரில்லாமல் வந்தன. வெறும் எண்கள். மாட்டுத்தாவணியில் ஒரு ஓட்டல். ஒரு பள்ளிக்கூட மாடிப்படி. யாருடைய வீட்டுச் சமையலறையோ. அவள் எறிந்ததெல்லாம் வரிசை கட்டி வந்தது.

"எம்புட்டு நேரம்க்கா?" என்றான் தமிழ்மாறன். போன் ஸ்பீக்கரில் இருந்தது. "ஆசாரி வந்துட்டார். பிள்ளைக்கு மொட்டை அடிச்சாச்சு."

"இரு."

சூர்யபிரகாஷ் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். "அதோ" என்றான்.

மண்டபம். திறந்தாள். மேல்பாதி இருந்தது. கீழ்பாதி வெறும் சாம்பல் நிறம். புதிய படங்கள் அதைத் தின்றிருந்தன. மேல்பாதியில் கயிறு இருந்தது.

பெரிதாக்கினாள். கயிற்றுக்கும் தூணின் விளிம்புக்கும் நடுவே வானம் ஒரு பட்டையாகத் தெரிந்தது. உச்சியில் அளந்தாள். கொஞ்சம் கீழே அளந்தாள். இன்னும் கீழே. பட்டையின் அகலம் மாறவில்லை.

"மாறா, கயிறும் தூணும் ஒண்ணாப் போகுது. அன்னைக்கு நேராத்தான் இருந்திருக்கு."

"கயிறு சும்மா தொங்குச்சா?"

"வாளி கட்டியிருந்துச்சு."

"படத்துல வாளி தெரியுதா?"

"கீழ்பாதி போயிருச்சு."

தமிழ்மாறன் விடவில்லை. "கீழ நின்னு எவனாவது கயிறை இழுத்துப் பிடிச்சிருந்தா? அப்பக் கயிறே கோணல்தானே?"

அவளுக்கு நினைவிருந்தது வாளி. ஆனால் தான் கத்தியதும், பிறகு பெயிண்டர் வந்து கயிற்றைப் பிடித்ததும் நினைவிருந்தது. இந்தப் படம் அதற்கு முன்னா, பின்னா?

ஸ்பீக்கரில் முத்துப்பாண்டி சிரித்தார். "அரைப் படத்தை வச்சுக்கிட்டு முழு மண்டபத்தைப் பூட்டச் சொல்றீக. நல்ல தொழிலு, தாயி."

மீட்பு தொடர்ந்தது. வேறு கயிற்றுப் படம் வரவில்லை. கோடு முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. மைக்கில் யாரோ சம்பந்தக்காரர் அழகுமலை குடும்பத்தாரை மேடைக்கு அழைத்தார்கள்.

அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. அன்று அவள் கத்தியது யார் காதிலும் விழவில்லை. ஆகவே கேமராத் திரையைப் போனில் படம் பிடித்து முத்துப்பாண்டிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். கயிறை எடுக்கச் சொல்லுங்க என்று எழுதி. பெயிண்டர் கீழே வந்ததே அதற்குப் பிறகுதான். அவள் போன் மாறிவிட்டது. பழைய செய்திகள் எதுவும் இல்லை.

"அண்ணே, நீங்க போன் மாத்திட்டீங்களா?"

"எதுக்கு?"

"கயிறை எடுக்கச் சொல்லி அன்னைக்கு ஒரு படம் அனுப்பினேன். உங்க போன்ல இருக்கும்."



"அதெல்லாம் எவன் வச்சிருக்கான்?" என்றார் முத்துப்பாண்டி. சிரிப்பு இல்லை.

"தேடிப் பாருங்க. கயிறை யாராவது பிடிச்சிருந்தா நீங்க சொல்றது சரி. நடத்துங்க. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"வாளி தொங்குனா?"

"நீங்கதானே பூட்டுறேன்னீங்க, அண்ணே" என்றாள்.

போனை மேசையில் வைக்கும் சத்தம். காலடி வெளியே போனது. கதவு திறந்ததும் மேளம் உரக்கக் கேட்டது, மூடியதும் அமுங்கியது.

"போயிட்டார்க்கா" என்றான் தமிழ்மாறன், தணிந்த குரலில். "போர்ட்டிகோல நின்னு போனைத் தடவிக்கிட்டு இருக்கார். அந்தத் தூணுக்குப் பக்கத்துலதான்."

"அங்க இருந்து தள்ளி வரச் சொல்லு."

"வரமாட்டார்."

சூர்யபிரகாஷ் மெல்லச் சொன்னான். "அழிச்சிட்டார்னா?"

அவள் திரையையே பார்த்தாள். மீட்பு முடிந்துவிட்டது என்று அது அறிவித்தது.

அவள் போன் அதிர்ந்தது. முத்துப்பாண்டியிடமிருந்து ஒரு படம். கீழே எதுவும் எழுதவில்லை.

கேமராத் திரையின் படம், கொஞ்சம் மங்கல். தூண் முழுதாக இருந்தது. பக்கத்தில் கயிறு. கயிற்றின் நுனியில் வாளி, தரையிலிருந்து ஆள் உயரத்தில் தொங்கியது. சுற்றி ஒருவரும் இல்லை. உச்சியிலிருந்து வாளிவரை தூணும் கயிறும் பிரியவில்லை.

"மாறா" என்றாள். "வாளி தொங்குது."

அவன் நாற்காலி பின்னால் விழுந்தது. ஓடும் சத்தம். பேசிய போன் மேசையிலேயே கிடந்தது. அவர்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மேளம் நின்றது. மைக் கரகரத்தது. முத்துப்பாண்டியே பேசினார்.

"எல்லாரும் கீழ இறங்குங்க. பின்பக்கப் படிக்கட்டு வழியா. பதறாதீக. காதுகுத்தும் பந்தியும் பின்னாடி தோப்புல. இலையைத் தூக்குங்கப்பா."

படிகளில் கால்கள். ஒரு பெண் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அண்டாக்கள் இழுபட்டன. ஜன்னல் பக்கமாக ஒரு பெரியவர் குரல் வந்தது. "இதுக்குத்தான் கூப்பிட்டீகளா? பிள்ளைக்குக் காதுகுத்தத் தோப்புதான் கெடச்சுச்சா?"

"என் மடியிலதானே உக்காரப் போகுது" என்றார் முத்துப்பாண்டி. "மண்டபத்து மடியிலயா?"

பிறகு அந்தக் குரல்களும் தள்ளிப் போயின. ரூமில் மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது. தமிழ்வாணி போனை அணைக்கவில்லை. சூர்யபிரகாஷ் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஏதாவது விழுமா என்று இருவரும் காதைக் கொடுத்திருந்தார்கள்.

எதுவும் விழவில்லை. வெகுநேரம் கழித்து, தூரத்தில், வெட்டவெளியில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

"ஒரு காது" என்றான் சூர்யபிரகாஷ்.

அவள் கையைக் காட்டி அவனை அடக்கினாள். இன்னொரு காதுக்காகக் காத்திருந்தாள்.