அரியநாச்சி வந்து பார்த்தாள்

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பிரவுசிங் சென்டரில் சோலையம்மாளும் சல்மாவும் டைப் அடிக்கிற வேலை பார்த்தார்கள். ஆள் வராத மத்தியானங்களில் சல்மா, அப்போது பலரும் சேர்ந்திருந்த ஆர்க்குட் வலைத்தளத்தைத் திறந்து, சவூதியில் இருக்கும், காக்கா என்று தான் கூப்பிடும் அண்ணனுக்கு ஏதாவது எழுதிக்கொண்டிருப்பாள்.

"நீயும் சேருடி."

"வேணாம் தாயி, ஆளை விடு."

வேண்டாம் என்றதற்குக் காரணம் இருந்தது. வேறு சாதிக்காரனான தவசியைக் கட்டிக்கொண்டு மேற்கேயிருந்து ஓடி வந்தவள் சோலை. உச்சிப்புளியில், ராமேஸ்வரம் ரோட்டோரம் ஒற்றை அறையில் ஒண்டியிருந்தார்கள். 'எங்கன கண்டாலும் ரெண்டு பேரையும் வெட்டுவேன்' என்று அண்ணன் சோணைமுத்து சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ணியிருந்தான்.

ஒரு நாள் சல்மாவே அந்த அண்ணன் பேரைத் தேடி எடுத்துவிட்டாள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரையில் நின்றான் சோணைமுத்து.

"ஆல்பம் வச்சிருக்காக. சேர்ந்தாத்தான் பாக்கலாம். ஒங்கம்மா போட்டோ இருந்தாலும் இருக்கும்."

சோலை வாசலைத் திரும்பிப் பார்த்தாள். "கண்டுபிடிச்சிருவான்டி."

"பொய்ப்பேரு போடு. நான் மட்டும் சொந்தப் பேரா போட்டிருக்கேன்? எங்க வாப்பாவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிருவாக."

பயம் வந்தால் சாமி பேரைச் சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம். அரியநாச்சி என்று அடித்தாள். அவர்கள் புஞ்சையில் உடைமரத்தடியில் கல்லாக நிற்கிற சாமி. அவள் துணையிருந்தால் எவன் கண்ணும் படாது. ஊர் கேட்ட இடத்தில் சல்மா ராமநாதபுரம் என்று போட்டாள்.

ஆல்பம் திறந்தது. புது மோட்டார் சைக்கிள் பக்கத்தில் அவளைப் பெற்ற ஆத்தா நின்றாள். நெற்றியில் பொட்டில்லை. வெறுங்கழுத்து.

"ஏய், என்னாச்சு?"

"எங்கய்யா செத்துப்போயிருக்காருடி. எனக்கு யாருமே சொல்லல."

அந்த வாரம் முழுக்க வேலைக்கு நடுவே அந்தப் படத்தைப் போய்ப் போய்ப் பார்த்தாள். பிறகுதான் தன் பக்கத்தின் ஓரத்தைக் கவனித்தாள். வந்து பார்த்தவர்கள் வரிசையில் சோணைமுத்து.

"இவன் எப்படிடி இங்க வந்தான்?"

"நீ போய்ப் பாத்தா ஒம்பேரு அவுகளுக்குக் காட்டுமே. அதுக்கென்ன, பொய்ப்பேருதானே?"

அந்தப் பேரே காட்டிக்கொடுத்துவிட்டது என்று சோலைக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தச் சாமியைக் கும்பிடுவது ஐந்தே பங்காளி வீடுகள். அந்த வீடுகளிலிருந்து ஓடிப்போனவள் ஒருத்திதான்.

மறுநாள் அவன் எழுதியிருந்தான். 'ஆடி அமாவாசைக்கு அய்யாவுக்குத் திதி குடுக்க வேன்ல ராமேஸ்வரம் வாரோம். ஒன்னையப் பாக்கணும்னு ஆத்தா அழுகுது. அக்னி தீர்த்தத்துல வந்து நில்லு. தனியா வா.'

ஆத்தா அழுவது நிஜமாகவே இருக்கும். அதுதான் அவளை இழுத்தது. தவசியிடம் சொன்னாள்.

"பாக்கணும்கிறது ஆத்தா. தனியாங்கிறது யாரு?" என்றான் அவன். "போறதுன்னா நானும் வாரேன்."

"ஒன்னைய வெட்டுவான்யா."

"ஒனக்கு மட்டும் மாலை போட்டுக் கூட்டிட்டுப் போவானாக்கும்?"

சல்மாவிடமே கணக்கை அழிக்கச் சொன்னாள். அதோடு ஆத்தா படத்தைப் பார்க்கிற வழியும் போயிற்று.

ஆடி அமாவாசை விடியும் முன்பே ரோடு நிறைந்துவிட்டது. அறையில் ஆளில்லை என்று தோன்றட்டும் என வெளியே பூட்டைப் போட்டுவிட்டு, எதிர் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டான் தவசி. உள்ளே சோலை ஜன்னலை விரல்கடை அளவு திறந்து வைத்திருந்தாள். வேன் வேனாகப் போயிற்று. எந்த வேன் என்று யார் கண்டார்கள்?

ஒன்று, வாசலுக்கு நேரே வேகம் குறைந்தது. தவசி சட்டென்று எழுந்து நின்றான். வேனின் கடைசி ஜன்னலில் பொட்டில்லாத நெற்றி ஒன்று கம்பியில் சாய்ந்திருந்தது. முகத்தைப் புடவைத் தலைப்பு மறைத்தது. தொண்டை வரை வந்த "ஆத்தா"வை வாயில் முந்தானையைத் திணித்து அடக்கினாள் சோலை.

முன்னால் நின்ற மாடு விலகியதும் வேன் கிளம்பிவிட்டது. அது ஆத்தாதானா? கூப்பிட்டிருந்தால் தெரிந்திருக்கும்.