மணல்திட்டுக்குப் போன ஓரகத்தி

நர்மதையை வலம் வருகிறவர்கள் யாரையும் வையக் கூடாது என்பார்கள். என் ஓரகத்தி பூல்வதியிடம் அதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஓம்காரேஷ்வரில் கிளம்பி, கடல் வரை போய், வடகரை வழியாகத் திரும்பி நடக்கத் தொடங்கிய பிறகும் ஒரு தடவைகூட என்னைக் கேசர் என்று கூப்பிடவில்லை. "கன்னுக்குட்டியக் கொன்னவளே" என்றுதான் கூப்பிட்டாள்.

கன்றைக் குட்டைக் கயிற்றில் கட்டியதே அவள்தான். அது முளையைச் சுற்றிச் சுற்றி வந்து, கழுத்து இறுகிச் செத்துப்போனது. அன்று நான் பருத்திக் காட்டில் இருந்தேன். இருந்தும் சாதிப் பஞ்சாயத்தில் மூத்த மருமகள் பேச்சுதான் எடுபட்டது. நான் நதியை முழுக்க நடந்து வலம் வர வேண்டும், இல்லையென்றால் எங்கள் வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்கள் என்று தீர்ப்பு. என் மகள் பிந்தியாவை நிச்சயம் செய்தவர்கள் வலம் முடியட்டும் என்று காத்திருக்கிறார்கள். நான் ஏமாற்றாமல் நடக்கிறேனா என்று பார்க்கச் சாட்சியாக வந்தவளும் பூல்வதிதான். போகிற போக்கில் தனக்கும் புண்ணியம் சேர்த்துக்கொள்ளலாமே.

நதி எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். வந்து சேரும் ஓடைகளைத் தாண்டலாம்; நதியையே குறுக்கே தாண்டிவிட்டால் வலம் முறிந்தது. மறுபடி முதலிலிருந்து நடக்க வேண்டியதுதான்.

நேமாவர் தாண்டியதும் வெயில் மண்டையைப் பிளந்தது. வலப்பக்கம் பெரிய மணல்திட்டில் தர்பூசணிக் கொடிகள் படர்ந்து கிடந்தன. கரைக்கும் திட்டுக்கும் நடுவே கணுக்கால் அளவுதான் தண்ணீர். பூல்வதி சேலையைத் தூக்கிச் செருகினாள்.

"அக்கா, அது ஓடையா நதியான்னு யாரையாவது கேட்டுட்டு இறங்குங்க" என்றேன்.

"எனக்கே சாஸ்திரம் சொல்ல வந்துட்டாளா? ஓடை வந்து சேர்றது கண்ணு தெரியல? பாவம் பண்ணினவ நீ. கரையிலயே கிட."

நான் கரையிலேயே நின்றேன். அவள் போய்ச் சேர்ந்ததும் தோட்டக்காரர் பழத்தை வெட்டி நீட்டினார். பிறகு, வலம் வருகிறவர்கள் சுமக்கும் நதி நீர்ப் பாட்டில் அவள் தோளில் தொங்கியதைப் பார்த்துவிட்டார்.

"வலம் வர்றவங்களா அம்மா? என்ன இப்படிப் பண்ணிட்டீங்க. இதுவும் நர்மதா மாயிதான். மேல ரெண்டாப் பிரிஞ்சு கீழ ஒண்ணாச் சேருறா. கேட்டிருக்கலாமே."

பூல்வதி மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன், வயிறு குளிர்ந்தது.

திரும்பி வந்தவள் முதலில் யாரிடமும் சொல்லாதே என்று என் கையைப் பிடித்தாள். பிறகு குரல் மாறியது. "வாயத் திறந்தே, நீயும் என்கூடத் தாண்டி வந்தேன்னு ஊர்ல சொல்லிடுவேன். உன் பொண்ணு கல்யாணத்த மறந்துடு."

சொல்லக்கூடியவள்தான். அவள் சொன்னால் நம்பவும் செய்வார்கள். பிந்தியாவின் முகம் கண்ணுக்குள் வந்தது.

"நான் ஏன்க்கா சொல்றேன்? நீங்க பாட்டுக்கு நடங்க. வழியெல்லாம் உங்க கால்ல விழுவாங்க. மாயியே நேர்ல வந்த மாதிரின்னு கும்பிடுவாங்க. வாங்கிக்கங்க. நான் பின்னாலயே வந்து பாக்குறேன்."

அவள் முன்னால் நடந்தாள். பொய் சொல்லத் துணிந்தவள்தான், ஆனால் நதித்தாய் மாயியிடம் அவளுக்கு உள்ள பயம் நிஜம். அது எனக்குத் தெரிந்துதான் சொன்னேன்.

பொழுது சாயும் முன் ஒரு ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். வழக்கம்போல "நர்மதே ஹர்" என்று வரவேற்று, சத்திரத்து வாசலில் உட்கார வைத்துக் கால் கழுவிவிட்டார்கள். பூல்வதி காலை இழுத்து இழுத்துக்கொண்டாள்.

"காட்டுங்க அக்கா. ஆசையா வந்திருக்காங்க" என்றேன்.

ஒரு சின்ன வயதுத் தாய் காய்ச்சல் குழந்தையைத் தூக்கி வந்து பூல்வதியின் மடியருகே நீட்டினாள். "காய்ச்சல் இறங்கவே மாட்டேங்குது அம்மா. வைத்தியரும் பாத்துட்டாரு. நடந்து வந்த புண்ணியவதி, தலையில கை வைங்க."

பூல்வதியின் கை பாதி தூரம் போய் நின்றது.

"வைங்க அக்கா" என்றேன். "காத்துக்கிட்டு இருக்காங்கல்ல."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. இன்னொரு தடவை, இன்னும் மெதுவாக, "வைங்க" என்றேன்.

"என்னால முடியாது" என்றாள் அந்தப் பெண்ணிடம். "என் வலம் இன்னிக்கு முறிஞ்சுபோச்சு. நான் பாவி. வீட்டுக் கன்னுக்குட்டியக் கட்டிக் கொன்னதும் நான்தான், இவ இல்ல. இவ மேல பழியப் போட்டுட்டேன்." பாட்டிலைத் திறந்து நதி நீரை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டாள். "ஊர்ப் பஞ்சாயத்துலயும் இதையே சொல்லுவேன். மாயி மேல சத்தியம்."

அந்தத் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பொய் சொல்ல மாட்டாள். பிந்தியாவின் கல்யாணம் நடக்கும். நான் வேண்டியது முழுசாகக் கிடைத்துவிட்டது. ஆனால் நெஞ்சில் எரிந்துகொண்டிருந்தது மட்டும் அணையவில்லை. அவள் இன்னும் அழ வேண்டும், நான் இன்னும் பார்க்க வேண்டும் என்றுதான் இருந்தது.

அந்தப் பெண் குழந்தையோடு என் பக்கம் நகர்ந்தாள். "அப்போ நீங்க வைங்க அம்மா. உங்க வலம் முறியலல்ல? உங்க மேல பழியும் இல்லன்னு ஆயிடுச்சு. உங்க கைதான் சுத்தம்."

காலையிலிருந்து ஒருத்தியின் கன்னத்தில் அறையத் துடித்துக்கொண்டிருந்த கை. என்னிடம் வேறு கை இல்லை. குழந்தையின் தலை கொதித்தது. வைத்தேன்.